மூளையில் தூங்கும் ஒட்டுண்ணி விழித்துக்கொண்டால்... மருத்துவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மாமாவுக்கு வயது 48. இரண்டு வாரமாகத் தலைவலி. பெனடோல் போட்டும் போகவில்லை. லேசான காய்ச்சல் வேறு. போன வாரம், வழக்கமாக ஏறும் பேருந்து எது என்பதே அவருக்கு மறந்துபோனது. இன்று காலை காப்பிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. "பக்கவாதமா இருக்குமோ?" என்று பதறிய அத்தை 995க்கு அழைத்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மொழிபெயர்க்க நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள். வழக்கமான பக்கவாதம் போல் தெரியவில்லை. ஆனால் மூளையில் மூன்று நான்கு இடங்களில் மோதிரம் போல் வட்டங்கள். மருத்துவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார். பிறகு தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்து வரச் சொல்கிறார். உங்களையும் அத்தையையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்கிறார்.

ஏன் வெளியே அனுப்பினார்? அந்த வட்டங்கள் என்ன? உள்ளே மாமாவிடம் என்ன கேட்கிறார்?

மாமாவும் அத்தையும் கற்பனைதான். ஆனால் இந்த நோய் நிஜம். பெயர் டாக்ஸோபிளாஸ்மா மூளை அழற்சி. பல ஆண்டுகளாக உடலில் சத்தமில்லாமல் இருந்த ஒட்டுண்ணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் மூளையில் மீண்டும் தலைதூக்குவதால் வருவது. நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். விட்டுவிட்டால் உயிர் போகும். ஆகவே, கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில், அது என்ன ஒட்டுண்ணி?

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்பது ஒரே ஒரு செல் கொண்ட நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாது. 1908ஆம் ஆண்டு துனிசியாவில் சார்ல்ஸ் நிக்கோல், லூயி மான்சோ என்ற இரு ஆய்வாளர்கள் 'குண்டி' என்ற ஒரு வகைக் கொறித்துண்ணியின் உடலில் அதைக் கண்டனர். அந்த விலங்கின் பெயர்தான் ஒட்டுண்ணியின் பெயரில் பின்பாதியாக ஒட்டிக்கொண்டது. முன்பாதி, வில் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் உடல் வில் போல் வளைந்திருக்கும்.

உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது தொற்றியிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஆமாம், மூன்றில் ஒருவர்! ஆனால் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் போகலாம், அல்லது சில நாள் சளிக்காய்ச்சல் போல வந்து போகலாம். கழுத்தில் நெறி கட்டலாம். அவ்வளவுதான்.

உடலுக்குள் எப்படி வருகிறது?

முக்கியமாக இந்த வழிகளில்:

- சரியாக வேகாத இறைச்சி. ஆடு, பன்றி, மாடு போன்றவற்றின் தசைக்குள் ஒட்டுண்ணி சின்னச் சின்னப் பைகளாக இருக்கக்கூடும்.
- பூனையின் மலம் கலந்த மண், தண்ணீர், கழுவாத காய்கறி. இந்த ஒட்டுண்ணி முட்டை போன்ற வடிவத்தில் வெளியேறுவது பூனை இனத்தின் குடலிலிருந்து மட்டுமே.
- கர்ப்ப காலத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு.
- அரிதாக, தானமாகப் பெறும் உறுப்பு வழியாக.

கைகுலுக்குவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. மருத்துவமனையில் மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

பிறகு ஏன் "தூங்குகிறது" என்கிறோம்?

உள்ளே வந்ததும் ஒட்டுண்ணி வேகமாகப் பெருகுகிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி உடனே விரட்டுகிறது. ஆனால் முழுசாகத் துடைத்துவிட முடிவதில்லை. மிச்சமிருப்பவை மூளை, தசை, விழித்திரை ஆகிய இடங்களில் சிறு பைகளுக்குள் பதுங்கிக்கொள்கின்றன. அங்கே மெதுவாக, ஆயுள் முழுக்கக்கூட உயிரோடு இருக்கும்.

வாசலில் காவலாளி இருக்கும்வரை அவை வெளியே வருவதில்லை. அந்தக் காவலில் முக்கியமானவை சிடி4 என்ற வெள்ளை அணுக்கள். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்கும். எச்ஐவி கிருமி தாக்குவதும் இவற்றைத்தான்.

சிடி4 எண்ணிக்கை 200க்கு மேல் இருப்பவர்களிடம் இந்த மூளை நோய் அரிது. 100க்குக் கீழே போனால் ஆபத்து கூடுகிறது. 50க்குக் கீழே போனால் மிக அதிகம். எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சிகிச்சை வருவதற்கு முன்பிருந்த காலத்தில், ஒட்டுண்ணி ஏற்கனவே உடலில் இருந்து, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்து, தடுப்பு மருந்தும் எடுக்காத நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இந்த நோய் வந்தது.

கவனியுங்கள்: பெரும்பாலும் இது புதிதாகத் தொற்றிய நோய் அல்ல. நேற்று சாப்பிட்ட சாத்தேயையோ, போன மாதம் வாங்கிய பூனைக்குட்டியையோ குறை சொல்லிப் பயனில்லை. மாமா சின்னப் பையனாக இருந்தபோதே அது உள்ளே வந்திருக்கலாம்.

யாருக்கெல்லாம் வரலாம்?

எச்ஐவி மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். எலும்பு மஜ்ஜை அல்லது தண்டு செல் மாற்று சிகிச்சை பெற்றவர்கள், இதயம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வலுவான மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்கள், இவர்களுக்கும் வரலாம்.

அறிகுறிகள் என்ன?

சில நாள்கள் முதல் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூடும்:

- விடாத தலைவலி
- காய்ச்சல் (எல்லாருக்கும் இருக்காது)
- குழப்பம், மறதி, குணத்தில் மாற்றம்
- உடலின் ஒரு பக்கம் பலவீனம்
- பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, பார்வைக் கோளாறு
- வலிப்பு

இந்தப் பட்டியலைப் பார்த்தால் பிரச்சினை உங்களுக்கே புரியும். பக்கவாதம், மூளைக்கட்டி, காசநோய், ஏன், மன அழுத்தம் என்றுகூட இதைத் தப்பாக நினைக்கலாம். "வேலைல டென்ஷன், அதான் இப்படி இருக்காரு" என்று வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். ஒரு வாரம் தாமதம், பிறகு இன்னொரு வாரம். அப்படித்தான் நேரம் போய்விடுகிறது.

மருத்துவர்கள் எப்படித் துப்புத் துலக்குகிறார்கள்?

ஒரே ஒரு பரிசோதனையில் "இதுதான்" என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. ஒவ்வொரு பரிசோதனையும் பாதிக் கதையைத்தான் சொல்லும். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும்.

*1. எதிர்ப்புச் சக்தி எந்த நிலையில் இருக்கிறது?*

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இதுதான். தனக்கு எச்ஐவி இருப்பது தெரியாமலேயே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் ஆண்டு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்று உண்டு: புதிதாக எச்ஐவி உறுதிசெய்யப்படுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆண்டுகளில் அதற்கும் மேற்பட்டோருக்கு, கண்டுபிடிக்கும்போதே நோய் முற்றிய நிலை. அப்படிப்பட்டவர்களுக்கு முதல் அறிகுறியே மூளையில் வரும் இந்த நோயாக இருக்கலாம்.

ஆகவே எச்ஐவி பரிசோதனை, இருந்தால் சிடி4 எண்ணிக்கை, இரண்டும் முதலில் செய்யப்படும்.

*2. மூளை ஸ்கேன்*

முதலில் சிடி ஸ்கேன் எடுக்கலாம். அது வேகமானது. ஆனால் எம்ஆர்ஐ ஸ்கேன் இன்னும் கூர்மையாகக் காட்டும். சிடியில் ஒரு புள்ளி தெரிந்த இடத்தில் எம்ஆர்ஐயில் நான்கைந்து தெரிவதும் உண்டு.

ரத்த நாளத்தில் ஒரு சாயத்தை ஏற்றிவிட்டுப் படம் எடுப்பார்கள். அப்போதுதான் அந்த மோதிரம் தெரியும். ஏன் மோதிரம்? ஒட்டுண்ணி தாக்கிய இடத்தின் நடுப்பகுதியில் திசு செத்துப்போய்விடுகிறது. அங்கே ரத்த ஓட்டம் இல்லை, சாயமும் போகாது. ஆனால் ஓரத்தில் போராட்டம் நடக்கிறது. அங்கே ரத்த நாளங்களின் சுவர் பழுதாகி, சாயம் கசிகிறது. ஆகவே ஓரம் மட்டும் வெள்ளையாக மின்னும். சுற்றிலும் மூளை வீங்கியிருக்கும்.

இந்த நோயில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்கள் இருக்கும். மூளையின் வெளிப்புறச் சாம்பல்நிறப் பகுதியிலும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் உட்பகுதிகளிலும் அதிகம் காணப்படும்.

"அப்போ வட்டம் தெரிஞ்சா போதுமே?" என்று கேட்கலாம். போதாது. இதே மாதிரி வட்டத்தைக் காட்டும் வேறு நோய்களும் இருக்கின்றன:

- மூளையில் தொடங்கும் லிம்போமா என்ற புற்றுநோய். எச்ஐவி முற்றியவர்களிடம் இதற்கும் டாக்ஸோபிளாஸ்மாவுக்கும்தான் குழப்பம் அதிகம். எம்ஆர்ஐயில் ஒரே ஒரு கட்டி மட்டும் தெரிந்தால் லிம்போமா மீது சந்தேகம் கூடும்.
- மூளையில் காசநோய்க் கட்டி. நம் வட்டாரத்தில் காசநோய் இன்னும் இருப்பதால், இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.
- பாக்டீரியா சீழ்க்கட்டி, பூஞ்சைத் தொற்று, நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி.

*3. ரத்தத்தில் எதிர்ப்பொருள்*

டாக்ஸோபிளாஸ்மாவுக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஐஜிஜி எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். இது பழைய வருகைப் பதிவேடு மாதிரி. "இவர் ஒருமுறை வந்திருக்கிறார்" என்று சொல்லும். "இப்போது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லாது.

உலகில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் பதிவு இருக்கலாம் என்று மேலே பார்த்தோம். 2000களின் தொடக்கத்தில் மலேசியாவில் எச்ஐவி நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. அத்தனை பேருக்கும் மூளை நோய் வந்துவிடவில்லை. ஆகவே 'இருக்கிறது' என்ற முடிவு மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஆனால் 'இல்லை' என்ற முடிவுக்கு மதிப்பு அதிகம். இந்த மூளை நோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஐஜிஜி இருக்கும். அது இல்லையென்றால், மருத்துவர் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவார். முழுசாக ஒதுக்கிவிட மாட்டார், ஆனால் சந்தேகப் பட்டியலில் கீழே இறக்கிவிடுவார்.

புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரிந்ததுதான். இது பழைய தொற்று.

*4. முதுகுத்தண்டு நீர்*

மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் நீரை, இடுப்புக்கு மேலே ஊசி போட்டு எடுத்து, பிசிஆர் பரிசோதனை செய்யலாம். கோவிட்-19 காலத்தில் நாம் எல்லாரும் பழகிப்போன அதே பிசிஆர் முறைதான். இங்கே தேடுவது ஒட்டுண்ணியின் மரபணு.

அது கிடைத்தால் கிட்டத்தட்ட உறுதி. ஆனால் கிடைக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நோய் இருப்பவர்களிலேயே பாதிப் பேரிடம் இந்தப் பரிசோதனை தவறவிடக்கூடும். மருந்து தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இன்னும் குறையும்.

அதே நீரில் எப்ஸ்டீன்-பார் என்ற கிருமியின் மரபணுவையும் தேடுவார்கள். அது கிடைத்தால் லிம்போமா பக்கம் சந்தேகம் திரும்பும்.

இன்னொரு சிக்கல். மூளை வீங்கி, தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால், இந்த நீரை எடுப்பதே ஆபத்தாகலாம். "ஏன் டாக்டர் அந்த டெஸ்ட் செய்யல?" என்று குடும்பத்தார் கோபப்படுவது உண்டு. சில நேரம் செய்யாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

*5. மூளைத் திசுப் பரிசோதனை*

மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசியால் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒட்டுண்ணி கண்ணில் பட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் உண்டு. ஆகவே இதைத் தொடக்கத்திலேயே செய்ய மாட்டார்கள்.

அப்படியென்றால் முடிவெடுப்பது எப்படி?

இங்கேதான் இந்த நோயின் வித்தியாசமான பகுதி வருகிறது. எல்லாம் உறுதியாகும்வரை மருத்துவர்கள் காத்திருப்பதில்லை.

நான்கு விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால் போதும்: சிடி4 100க்குக் கீழ். ஐஜிஜி இருக்கிறது. தடுப்பு மருந்து எடுக்கவில்லை. ஸ்கேனில் பல வட்டங்கள். நான்கும் பொருந்தினால், அது டாக்ஸோபிளாஸ்மாவாக இருக்க ஏறக்குறைய 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உடனே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு பார்ப்பார்கள். மருந்தே பரிசோதனையாகிறது.

டாக்ஸோபிளாஸ்மாவாக இருந்தால் பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முன்னேற்றம் தெரியும். தலைவலி குறையும், குழப்பம் தெளியும், கையில் பலம் திரும்பும். சுமார் 2 வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்தால் வட்டங்கள் சுருங்கியிருக்கும். அப்போதுதான் "ஆம், அதுதான்" என்று சொல்ல முடியும்.

10 முதல் 14 நாள்களில் முன்னேற்றம் இல்லை, அல்லது நிலைமை மோசமாகிறது என்றால், சந்தேகம் வேறு பக்கம் போகும். அப்போதுதான் திசுப் பரிசோதனை. அது லிம்போமாவாகவோ காசநோயாகவோ இருக்கலாம். சிகிச்சையே வேறு.

அந்த இரண்டு வாரம் குடும்பத்துக்கு நரகம். "டாக்டருக்கே தெரியல போல" என்று தோன்றும். வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா, ஊருக்குக் கூட்டிப்போகலாமா, கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாமா என்றெல்லாம் பேச்சு வரும். பிரார்த்தனை செய்வதில் தப்பில்லை. ஆனால் மருந்தை நடுவில் நிறுத்திவிட்டால், அந்த 'பரிசோதனை' கெட்டுவிடும். மாமா குணமாகாததற்குக் காரணம் வேறு நோயா, மருந்து விட்டுப்போனதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு கொடுத்தால் ஏன் குழப்பம்?

மூளை வீக்கம் கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். அது வீக்கத்தை இறக்கும். ஆனால் லிம்போமாவையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். நோயாளி தேறுவது போலத் தெரியும். எந்த மருந்தால் தேறினார்? ஒட்டுண்ணி மருந்தா, ஸ்டீராய்டா? பதில் தெரியாது. ஆகவே உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டுமே, குறுகிய காலத்துக்குக் கொடுப்பார்கள்.

மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் கணக்கு வேறு

தண்டு செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் எதிர்ப்பொருள் பரிசோதனையை நம்ப முடியாது. அவர்களின் பழைய எதிர்ப்புச் சக்தியே அழிக்கப்பட்டுப் புதிதாக வளர்கிறது. பழைய பதிவேடும் சேர்ந்து அழிந்துபோகலாம். அவர்கள் வாங்கும் ரத்தப் பொருள்களில் வேறொருவரின் எதிர்ப்பொருள் கலந்திருக்கவும் கூடும். ஆகவே மாற்று சிகிச்சைக்கு முன்பே பரிசோதித்து எழுதி வைத்துக்கொள்வார்கள். பிறகு தேவைப்பட்டால் ரத்தத்திலேயே பிசிஆர் செய்து கண்காணிப்பார்கள்.

இதய மாற்றில் இன்னொரு ஆபத்து. இதயம் ஒரு தசை. தானம் செய்தவரின் இதயத்தசைக்குள்ளேயே ஒட்டுண்ணிப் பைகள் இருக்கலாம். பெற்றுக்கொள்பவருக்கு முன்பு தொற்றே இல்லையென்றால், அவருக்குத் தடுப்பு மருந்து முக்கியம்.

சிகிச்சை என்ன?

பைரிமெத்தமின், சல்ஃபாடயஸின் என்ற இரண்டு மருந்துகளும், அவற்றின் பக்கவிளைவைக் குறைக்க லூகோவோரினும் சேர்ந்ததுதான் நீண்ட காலமாக முதன்மைச் சிகிச்சை. குறைந்தது 6 வாரம். அது கிடைக்காத இடங்களில் கோட்ரைமாக்ஸசோல் என்ற விலை குறைந்த மருந்தும் பயன்படுகிறது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்துகள் உண்டு. அதனால்தான் ஒவ்வாமை பற்றி மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பார்.

பைரிமெத்தமின் பெயரை நீங்கள் வேறு காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருக்கலாம். 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதன் ஒரு மாத்திரையின் விலை 13.50 டாலரிலிருந்து 750 டாலராக ஒரே அடியாக ஏற்றப்பட்டது. டியூரிங் நிறுவனத்தின் மார்ட்டின் ஷ்க்ரெலி உலகம் முழுதும் திட்டு வாங்கியது இந்த மருந்துக்காகத்தான்.

6 வாரத்தோடு முடிந்துவிடாது. இந்த மருந்துகள் விழித்துக்கொண்ட ஒட்டுண்ணியைக் கொல்லும். பைக்குள் தூங்குவதைக் கொல்லாது. ஆகவே குறைந்த அளவில் மருந்து தொடரும். எச்ஐவி இருந்தால் அதற்கான சிகிச்சையையும் பொதுவாக 2 முதல் 3 வாரத்துக்குள் தொடங்குவார்கள். சிடி4 எண்ணிக்கை 200க்கு மேல் ஏறி, 6 மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால், ஒட்டுண்ணி மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். காவலாளி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

இதை வராமலேயே தடுக்க முடியுமா?

முடியும். எச்ஐவி உறுதியானதும் ஐஜிஜி பரிசோதனை செய்துகொள்வது ஒன்று. அது இருந்து, சிடி4 100க்குக் கீழ் இருந்தால், கோட்ரைமாக்ஸசோல் தினமும் எடுப்பது இன்னொன்று. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எச்ஐவி இருப்பது தெரிய வேண்டும்.

இன்று எச்ஐவிக்கு நல்ல மருந்து இருக்கிறது. ஒழுங்காக எடுத்தால் வேலை, குடும்பம், முதுமை எல்லாம் சாத்தியம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. சிங்கப்பூரில் பெயர் சொல்லாமல் பரிசோதனை செய்துகொள்ள இடங்கள் உண்டு. மலேசியாவில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் பரிசோதனை செய்துகொள்ளலாம். வெட்கம்தான் பெரிய தடை. அந்த வெட்கத்தால் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் சிடி4 எண்ணிக்கையில் தெரியும்.

பூனையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. பலர் கேட்கும் கேள்விதான் இது.

பூனைக்கு முதன்முறை தொற்றும்போது, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் மட்டுமே அதன் மலத்தில் ஒட்டுண்ணி வெளியேறும். வீட்டுக்குள்ளேயே இருந்து, டின் உணவோ வேகவைத்த உணவோ சாப்பிடும் பூனைக்குத் தொற்றும் வாய்ப்பே குறைவு. மலத்தில் வந்தாலும், அது தொற்றக்கூடிய நிலைக்கு மாற 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே:

- பூனையின் கழிவு மணலைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.
- எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் கர்ப்பிணியும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். வேறு யாரும் இல்லையென்றால் கையுறை, பிறகு சோப்பு.
- பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள்.
- தோட்ட வேலைக்குக் கையுறை அணியுங்கள். காய்கறிகளைக் கழுவுங்கள்.
- இறைச்சியை நன்றாக வேகவிடுங்கள். நீண்ட நேரம் கொதித்த மட்டன் குழம்பில் பிரச்சினை இல்லை. உப்பு சரியா என்று வேகாத கொத்துக்கறியை நாக்கில் வைத்துப் பார்ப்பது வேண்டாம்.

மருத்துவமனையில் நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த பிள்ளை நீங்கள் என்றால், இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். இவற்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்:

- எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா? தேதி சொல்ல முடிந்தால் நல்லது. பக்கவாதம் நிமிடங்களில் வரும். இது வாரக்கணக்கில் வரும்.
- குணத்தில், பேச்சில் என்ன மாற்றம்? மருத்துவருக்கு மாமாவை முன்பு தெரியாது. உங்களுக்குத் தெரியும்.
- என்னென்ன மருந்து எடுக்கிறார்? பையோடு கொண்டு போங்கள். நாட்டு மருந்தும் சேர்த்து.
- மருந்து ஒவ்வாமை உண்டா?
- வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா?

ஒரு பக்கம் திடீரெனச் செயலிழந்தாலோ வலிப்பு வந்தாலோ, இதுவா அதுவா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. உடனே அழையுங்கள்.

இன்னொன்று. சில கேள்விகளை நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது. எச்ஐவி, உடலுறவு, ஊசி வழி போதைப்பொருள் பற்றிய கேள்விகளுக்கு, அக்கா மகனோ மகளோ பக்கத்தில் நிற்கும்போது மாமா உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால், மருத்துவர் தப்பான திசையில் போகக்கூடும். தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று நீங்களே கேளுங்கள். கிடைத்ததும், வெளியே வந்துவிடுங்கள்.

மருத்துவர் உங்களை வெளியே அனுப்பியதற்குக் காரணம் அதுதான். உங்களை நம்பாமல் அல்ல. மாமா வாயிலிருந்து வரப்போகும் அந்த ஒரு பதில், ஸ்கேனில் தெரியும் வட்டங்களுக்கு அர்த்தம் கொடுக்கக்கூடியது என்பதால்.

அவர் உள்ளே என்ன சொன்னார் என்று பிறகு கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லவில்லை என்றாலும், மருந்து நேரத்தை ஞாபகப்படுத்துங்கள்.